ஒரு விரல்

லூயிஸ் தீவின் மேற்குக் கரையில்
சாலை என்பது ஒரு காரின் அகலம்.
கால் மைலுக்கு ஒருமுறை
இரை விழுங்கிய பாம்பின் வயிறு போல்
கொஞ்சம் உப்பும்.
அங்கே ஒரு கம்பம், ஒரு பலகை:
‘வழிவிடும் இடம்.’
அரசாங்கம் எழுதியது அவ்வளவுதான்.

மிச்சத்தை யாரும் எழுதவில்லை.
யார் அந்த இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறாரோ
அவர் ஒதுங்க வேண்டும்.
மேடேறி வருபவரை நிறுத்தக் கூடாது.
ஆட்டுக்குட்டி குறுக்கே படுத்திருந்தால்
அது எழும்வரை எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.
சவ வண்டி வந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும்.
பிறகு, கடக்கும்போது
ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல்
எழுந்து அமர வேண்டும்.
சுட்டுவிரல். ஒன்றே ஒன்று.
முழுக் கையையும் ஆட்டினால்
சுற்றுலா வந்தவர் என்று தெரிந்துவிடும்.

நான் இங்கே தபால் வண்டி ஓட்டுகிறவள்.
நாளுக்கு நாற்பது தடவை தூக்குகிறேன்.
கிளாஸ்கோவிலிருந்து வந்த புதிதில்
முழுக் கையையும் ஆட்டியவள்தான்.

டோர்க்குலுக்கும் ஃபியூன்லாவுக்கும்
பதினாறு வருடமாக முகங்கொடுத்துப் பேச்சில்லை.
வேலியோரம் செத்துக் கிடந்தது
ஒரு செம்மறிக் கடா.
கடித்த நாய் யாருடையது?
அதில் தொடங்கியது.
தேவாலயத்தில் இவர் இடப்பக்கம், அவர் வலப்பக்கம்.
அவர் மனைவி இறந்த அன்று
இவர் போனார், கதவருகே நின்றார்,
தேநீரைத் தொடாமல் திரும்பினார்.
சாலையில் மட்டும்
இவர் விரல் எழும், அவர் விரலும் எழும்.
கண்கள் எங்கோ கடலில் இருக்கும்.

மின்கட்டணக் கடிதத்தை நீட்டியபடி
ஒருநாள் டோர்க்குலைக் கேட்டுவிட்டேன்:
உள்ளே கறுவிக்கொண்டு
ஒப்புக்கு விரல் தூக்குவது பொய்யில்லையா?
தொகையைப் படித்து முடித்து, உறைக்குள் திரும்ப வைத்து,
“அவனுக்கா தூக்குகிறேன்?
சாலைக்குத் தூக்குகிறேன்” என்றார்.
அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போட்டுக்கொள்கிற நாள்.
முன்னால் டோர்க்குல், பின்னால் நான்.
வழிவிடும் இடத்தில் ஒதுங்கி நின்றோம்.
எதிரே ஃபியூன்லாவின் நீல வேன்
வந்தது. கடந்தது.
விரல் எழவில்லை.
எனக்கும் எழவில்லை.
மறந்திருப்பார் என்று கியரைப் போட்டேன்.

டோர்க்குல் இறங்கி வந்து
என் கண்ணாடியைத் தட்டினார்.
“பின்னால் எடு.”
என்ன ஆயிற்று?
“விரல் தூக்கவில்லை.”
இந்த வயதில் இதற்கும் ஒரு சண்டையா,
எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அரை மைல் தாண்டி,
சதுப்பில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது வேன்.
மழையே இல்லை, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.
ஃபியூன்லாவின் வாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது.
யாரோ மறந்து வைத்துப்போன பொருளாக
வலக்கை மடியில் கிடந்தது.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம்.
அதுவரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு
டோர்க்குல் பேசிக்கொண்டே இருந்தார்.
கேலிக் மொழி எனக்கு அரைகுறை.
இருந்தும் புரிந்தது:
பதினாறு வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு
அந்தக் கடாவைப் பற்றி.
கடித்தது உன் நாய்தான்,
செத்துத் தொலைவதற்கு முன் ஒத்துக்கொள்.

ஃபியூன்லா சாகவில்லை. ஒத்துக்கொள்ளவுமில்லை.
ஏப்ரலில் வீடு திரும்பினார்.
வேலி அதே இடத்தில் இருக்கிறது,
பேச்சும் திரும்ப நின்றுவிட்டது.
இப்போது மகள் ஓட்டுகிறாள்.
ஓட்டாதவர் விரல் தூக்க வேண்டும் என்று
எந்த வழக்கமும் இல்லை.
ஆனாலும் அவர் இடக்கை
முன்பலகையின்மேல் தயாராக இருக்கும்.
டோர்க்குல் வந்தால் எழும்.
இவருடையதும் எழும்,
கடலைப் பார்த்தபடி.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது.
நாற்பதில் ஒரு விரல் எழாவிட்டால்
பிரேக்கில் கால் வைத்து
கண்ணாடியில் பின்னால் பார்க்கிறேன்.
பெரும்பாலும் சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார்கள்.